ஒரு கொப்பு எள்ளு

எங்கள் சங்கக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாமானுக்காக வருவதில்லை. யார் வீட்டில் என்ன நடக்கிறது, எந்தப் பிள்ளைக்கு எந்த நாட்டு விசா கிடைத்தது, இன்றைக்குப் படகு ஓடுமா என்று கேட்டுப் போகத்தான் வருவார்கள். கடை மனேச்சர் என்ற முறையில் நானும் தெரிந்ததைக் கஞ்சத்தனம் இல்லாமல் கொடுத்து அனுப்புவேன். தெரியாததையும்தான். அப்படி ஒரு நாள் காலையில், நெடுந்தீவுப் படகு இன்றைக்கு ஓடாது என்று நான் நாலைந்து பேருக்கு அறிவித்துக்கொண்டிருந்தபோது, அவர்களுக்குப் பின்னால் பிஸ்கற் பக்கெற்றோடு நின்றவர் கேட்டார்.

"பாத்தனீங்களோ அக்கா, இல்லாட்டி நினைச்சனீங்களோ?"

குரலில் குத்தல் எதுவும் இல்லை. குத்திக் கேட்டிருந்தால் நானும் இரண்டு கொடுத்திருப்பேன். அவர் உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

"ஊரிலை எல்லாரும் கதைக்கினம்" என்றேன்.

அவர் பிஸ்கற்றுக்குக் காசைக் கொடுத்துவிட்டு, என்னுடைய சைக்கிளையே இரவல் வாங்கிக்கொண்டு குறிகட்டுவானுக்குப் போனார். எங்கள் கடை இருக்கிற மடத்துவெளியிலிருந்து இறங்குதுறை சும்மா பக்கத்தில் இல்லை, அதுவும் எதிர்க்காற்றில். மத்தியானம் முகமெல்லாம் வியர்வையாகத் திரும்பி வந்தார்.

"ஓடாது அக்கா. எஞ்சினைக் கழட்டி வைச்சிருக்கினம். பாத்தனான்."

"நான் சொன்னதைத்தானே நீரும் சொல்லுறீர்?"

"ஓம். ஆனால் நீங்கள் சொன்னது சரியாய் வந்தது. நான் சொல்லுறது சரி."

கையில் பருப்பு அள்ளும் கோப்பை இருந்தது. எறியவில்லை. எறிந்திருந்தால் வாடகை போயிருக்கும். அவர் அப்போது என் வீட்டு முன்னறையில்தான் குடியிருந்தார்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. ஊருக்கு அவர் 'எள்ளு மிஸ்'. ஒரு கம்பஸில் தாவரவியல் படிப்பித்தார். எந்தக் கம்பஸ் என்பதும் வேண்டாம். பல வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். முப்பத்தைந்தைத் தாண்டியவர், ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், தகப்பன் கடலுக்குப் போனவர். என் கணவர் டோஹாவில் வேலை செய்ததால் முன்னறை சும்மா கிடந்தது. எள்ளுக் காலத்தில் மட்டும் தங்குவதற்கு அறை தேடுகிறார் என்று கேள்விப்பட்டுக் கொடுத்தேன். ஒரு பை உடுப்போடும், படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு நுணுக்குக்காட்டியோடும் வந்து இறங்கினார். கட்டில் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. காலை வெளிச்சம் எந்த யன்னலால் வரும் என்று கேட்டார். கிழக்கு யன்னலால் என்றேன். அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்துவிட்டுத்தான் மேசையை அதற்குக் கீழே இழுத்துப் போட்டார்.

எங்கள் வளவின் பின்பக்கச் சின்ன வீட்டில் மச்சாள் இருந்தார். மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா. கணவரை இழந்தவர், பிள்ளைகள் கனடாவில். அவர் என்னைப் போல வாயால் உதவுகிற ஆள் இல்லை. யாருக்காவது ஒன்று என்றால் கை முந்தும், யோசனை பிறகு வரும். வந்த முதல் கிழமையே மிஸ்ஸுக்கு மூன்று நேரச் சாப்பாடும் மச்சாளின் குசினியிலிருந்துதான் என்று ஆகிவிட்டது. ஒருவரும் அப்படித் தீர்மானிக்கவில்லை.

கார்த்திகைக் கிழங்கு விவகாரம் அந்த முதல் வருடத்து மாசியில் நடந்தது. கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் மூச்சுவாங்க வந்து நின்றாள்.

"அக்கா, உங்கடை வீட்டு மிஸ் ஒழுங்கை வேலியடியிலை கார்த்திகைக் கிழங்கு கிண்டுறா. தனிய."

வேறு ஊரில் இதைச் சொன்னால் அதற்கென்ன என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் கேட்கமாட்டார்கள். செங்காந்தள் என்கிற அந்தப் பூவை வடிவென்று ரசிப்போம், கிழங்கைத் தொடமாட்டோம். தனியாக ஒருவர் அதைக் கிண்டினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் கடையைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மச்சாள் எனக்கு முன்னாலேயே முன்னறைக் கதவை இரண்டு கையாலும் இடித்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. மிஸ் கையில் றப்பர் உறை போட்டிருந்தார். மேசையில் ஓட்டுத் துண்டொன்றில் நசுக்கிய கிழங்கு. மச்சாள் அவரைக் கட்டிப் பிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்து, "என்னத்தைக் குடிச்சனீர், சொல்லும், என்னத்தைக் குடிச்சனீர்" என்று அழத் தொடங்கிவிட்டார். மிஸ்ஸுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் அவருடைய பழைய கேள்வி தானாகவே வாயில் வந்தது.

"அன்ரி, நான் சாகப் போறன் எண்டு பாத்தனீங்களோ, நினைச்சனீங்களோ?"

"பாத்திட்டு வாற விஷயமே இது?" என்றார் மச்சாள். "உதுக்கெல்லாம் முதல் ஓடி வர வேணும் பிள்ளை. பேந்துதான் பாக்கிறது."

மிஸ் றப்பர் உறையைக் கழற்றி வைத்துவிட்டு, "அது சரி அன்ரி" என்றார். அவர் தோற்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். ஆனால் அடுத்த நிமிடம் என் யோசனை குசினியிலிருந்த அம்மிக்குப் போனது. நஞ்சுக் கிழங்கை எதில் அரைத்தாரோ? முகத்தைப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"உங்கடை அம்மியை நான் தொடேல்லை அக்கா. போத்தல் அடியாலை நசுக்கினனான். போய்ப் பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். இரண்டு தரம் கழுவியும் வைத்தேன்.

பிறகு விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவர் விளங்கப்படுத்தினார். அதை நான் எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன்.

மச்சாளுக்கு இறுப்பிட்டியில் கொஞ்சம் வயல் இருக்கிறது. நெல் வெட்டிய ஈரத்தில் மாசியில் எள்ளு விதைப்பார். வயலின் ஒரு கரை கடற்கரை மணலோடு முடியும். அந்த மணலில் ஊதாப் பூவோடு நிலத்தில் படர்ந்து கிடப்பது பேயெள்ளு. ஒருவரும் விதைப்பதில்லை, ஒருவரும் பிடுங்குவதுமில்லை. இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பூக்கிற இடத்தைத்தான் மிஸ் தீவு தீவாகத் தேடிக்கொண்டிருந்தாராம். தேனீக்கு எள்ளென்றும் பேயெள்ளென்றும் வேறுபாடில்லை. இதிலிருந்து அதற்குப் போகும். அபூர்வமாக ஒரு கலப்புச் செடி முளைக்கும். மச்சாளின் வயற்கரையில் அப்படி ஒன்று போன பருவத்திலிருந்தே பட்டுப்போகாமல் நின்றது. நிமிர்ந்ததுமில்லை, படர்ந்ததுமில்லை. இலை செழிப்பு, பூ நிறைய, காயும் நிறைய. ஆனால் காய் காய்ந்து வெடிக்கும்போது உள்ளே பார்த்தால் ஒரு விதை இராது. மச்சாள் அதை வெறுங்காய்ச் செடி என்று சொல்வார்.

"ஏன் வெறுங்காய்?" என்று கேட்டேன்.

செடியின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும், செல் என்கிறார்களே அதற்குள், நிறமூர்த்தம் என்று நூல் போலச் சிலது இருக்கிறதாம், இங்கிலீசில் குரோமோசோம். நாங்கள் விதைக்கிற எள்ளுக்கு இருபத்தாறு, அதாவது பதின்மூன்று சோடி. பேயெள்ளுக்கு முப்பத்திரண்டு, பதினாறு சோடி. கலப்புச் செடிக்குத் தாய் தகப்பனிடமிருந்து பாதிப் பாதி வரும். இந்தப் பக்கத்தால் பதின்மூன்று, அந்தப் பக்கத்தால் பதினாறு, மொத்தம் இருபத்தொன்பது. இலை விடவும் தண்டு வளரவும் அது போதும். பூவுக்குள் மகரந்தமும் சூலும் உண்டாகிற நேரத்தில்தான் சிக்கல். அப்போது ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன் சோடியைத் தேடி அருகில் வந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் சரிபாதியாகப் பிரியலாம். இந்தச் செடியில் எதற்கும் சோடி கிடையாது. பிரிவு குழம்பிப் போகும். விதை வராது.

"ஒரு பெட்டி நிறைய ஒற்றைத் தோடு கிடக்கிற மாதிரி" என்றார் மச்சாள்.

மிஸ் எழும்பி மச்சாளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அன்ரி, நான் பத்து வருசமாய்ப் படிப்பிக்கிறன். இப்பிடிச் சொல்லத் தெரியேல்லை."

"அப்ப அது அப்பிடியே மலடாய்த்தான் நிக்குமோ?"

"பெரும்பாலும். ஆனால் எப்பவாவது ஒரு குருத்திலை ஒரு கலம் தவறிப்போகும். பிரியிறதுக்காக எல்லாத்தையும் இரட்டிச்சு வைச்சிட்டு, பேந்து பிரியாமல் நிண்டிடும். அப்ப அந்தக் கலத்திலை ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு ஒற்றைத் தோட்டுக்கும் அதைப் போலவே இன்னொண்டு. அந்தக் கலத்திலையிருந்து வளருற கொப்புக்குச் சோடி இருக்கு. காய்க்கும். அந்த விதையிலை முளைக்கிறது எள்ளோடையும் சேராது, பேயெள்ளோடையும் சேராது. தன்னோடைதான் சேரும். புது இனம், அன்ரி. ஆயிரம் வருசம் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு தவறு போதும்."

கார்த்திகைக் கிழங்கு இதற்குள் எப்படி வந்தது என்று நான் கேட்டேன். அந்தக் கிழங்கின் நஞ்சுக்கு இதே தவறைச் செய்விக்கிற குணம் உண்டாம். நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கிற நூல்களை அது கட்ட விடாதாம். மிஸ் போன வருடம் தானே இரண்டு பூக்களையும் கலந்து எடுத்த விதைகளைப் பால்மாத் தகரப் பேணிகளில் முளைக்க வைத்து, குருத்தில் பஞ்சு வைத்து அந்தத் தண்ணியைச் சொட்டு விடப் போகிறாராம். அதுவல்ல அவருக்கு முக்கியம். செய்து காட்டுவது பழைய கதை, அதை முன்பே ஆட்கள் செய்துவிட்டார்கள் என்றார். இரட்டித்த இலை எவ்வளவு தடிப்பு, பூ எவ்வளவு பெரிது என்று கண்ணுக்குப் பழக வேண்டும். அப்போதுதான் வெளியில் தானாக நடந்தால் தவறவிடாமல் பிடிக்கலாம்.

"ஒருத்தரும் கை வைக்காமல், மண்ணிலை, தானாய் நடக்கிறதை ஒராள் பாக்க வேணும். அதுக்குத்தான் வந்தனான்."

அதைப் பார்த்து நிறுவினால் 'தற்காலிக' என்ற சொல் தன் பதவிக்கு முன்னால் இருந்து போய்விடும் என்றும் சொன்னார். கம்பஸில் பெரியவர் ஒருவர் அப்படி வாக்குக் கொடுத்திருந்தாராம்.

"அப்ப உந்தத் தண்ணி விட்டால் சோடி சேருமோ?" என்று மச்சாள் கேட்டார்.

"சேரலாம். இல்லாட்டிச் செடி சாகும்."

மச்சாளின் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மிஸ்ஸின் பேணிச் செடிகள் ஒவ்வொன்றாகக் கருகிச் செத்தன. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. விடிய எழும்பி, வேர்நுனியைச் சாயத்தில் ஊறவைத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து, பெருவிரலால் ஒரே அமுக்கு. பிறகு நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டினாலும் தெரியாது. பின்னேரம் இறுப்பிட்டி பஸ் எடுத்து வெறுங்காய்ச் செடியைப் பார்க்கப் போவார். வெடித்த காய்களுக்குள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பார். வெறுங்காய்தான் என்று வந்ததும் முகமே சொல்லும். சோற்றைப் போட்டுக்கொண்டு மச்சாள் அந்த முகத்தைப் பார்த்தபடி இருப்பார்.

ஞாயிறு காலையில் மட்டும் செடியும் இல்லை, வேர்நுனியும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுப் பூசைக்குப் போவார். மச்சாளுக்கு அது பெரிய அதிசயம். ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"எல்லாத்துக்கும் பாத்தனீரோ பாத்தனீரோ எண்டு கேக்கிற ஆள். கடவுளைப் பாத்தனீரோ?"

நான் இலைக்கறி அரிவதை நிறுத்திவிட்டேன். இதற்கு என்ன சொல்லப் போகிறார் என்று பார்க்க எனக்கு ஆசை.

"இல்லை அன்ரி. பாக்கேல்லை. நம்புறன்" என்றார். "நம்புறன் எண்டு சொல்லித்தான் நம்புறன். பாத்தனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ரெண்டும் வேறை வேறை. ஒண்டை மற்றதின்ரை பேரிலை விக்கக் கூடாது. அவ்வளவுதான்."

மச்சாள் யோசித்தார். பிறகு, "அது நேர்மையான கதை" என்று சொல்லி இன்னொரு அகப்பை சோறு போட்டார்.

வைகாசியில் ஒரு பின்னேரம் மிஸ் இறுப்பிட்டியிலிருந்து வந்தார். வழமையாகப் படலையைச் சாத்திவிட்டு வருகிறவர் அன்று சாத்தவில்லை. மாடு உள்ளே வந்து என் கீரைப் பாத்தியில் நின்றது. எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது. கையை எங்களுக்கு முன்னால் விரித்தார். ஒரு காய். வெடித்த வாய்க்குள் கறுப்பாக, நெருக்கமாக, எள்ளு.

"வெறுங்காய்ச் செடியிலையோ?" என்றேன்.

"ஒரு கொப்பிலை மட்டும். மற்றக் கொப்பெல்லாம் வெறுங்காய். இந்தக் கொப்பிலை இலை தடிப்பு, பூப் பெரிசு. அக்கா, ஒரே ஒரு கொப்பு."

அன்றைக்கு இரண்டு விதையை ஈரத் துணியில் முளைக்க வைத்தார். வேர் வந்ததும் அமுக்கி எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத் தெரிந்தது ஊதா நிறத்தில் குட்டிக் குட்டிக் கோடுகள்தான். "ஐம்பத்தெட்டு" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தபோது கண் நிறைந்திருந்தது. அவ்வளவு சந்தோசமான ஒரு மனிசரை நான் அதற்கு முன் கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை.

மச்சாள் எள்ளுப்பாகு கிண்டினார். தட்டோடு விறாந்தைக்கு வந்தவர், கதிரையில் சாய்ந்திருந்த மிஸ்ஸின் வாயில் ஒரு துண்டை வைத்துவிட்டு, மிகுந்த பெருமையோடு சொன்னார்.

"எனக்குத் தெரியும் அது காய்க்குமெண்டு. அந்தத் தண்ணியிலை ஒரு பேணி நானும் ஊத்தினனான்."

மிஸ் மெல்லுவதை நிறுத்தினார்.

"எந்தத் தண்ணி அன்ரி?"

"உம்மடை கிழங்குத் தண்ணிதான். போத்தலிலை மிச்சம் கிடந்தது. நீர் ஒவ்வொரு நாளும் வெறுங்காயைப் பாத்திட்டு வாற முகத்தைப் பாக்க என்னாலை ஏலாமல் போச்சுது. பங்குனியிலை ஒரு நாள் கொண்டு போய் ஊத்தினனான்."

எனக்கே விளங்கிவிட்டது. மச்சாளுக்கு விளங்கவில்லை. எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். "சொல்லுங்கோவன்" என்றார். மிஸ் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிரவு சாப்பிடவும் வரவில்லை. ஒராள் கை வைத்த செடியைத் தானாய் வந்ததென்று இனிச் சொல்ல ஏலாது என்று மச்சாளுக்கு நான்தான் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று தோன்றுகிற அளவுக்கு அந்த மனிசி உடைந்துபோனார்.

காலையில் மிஸ் மச்சாளைக் கூப்பிட்டுக்கொண்டு இறுப்பிட்டிக்குப் போனார். நானும் கடையைத் தாமதமாகத் திறக்கலாமென்று கூடப் போனேன். அதே பேணியில் நல்ல தண்ணி. "அண்டைக்கு எப்பிடி ஊத்தினீங்களோ அப்பிடியே ஊத்திக் காட்டுங்கோ அன்ரி."

மச்சாள் குனிந்து வேரடியில் ஊற்றினார். மிஸ்ஸின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"வேரடியிலைதானோ? வளந்த செடிக்கு வேரிலை ஊத்தினால் பெரும்பாலும் ஒண்டும் நடவாது. குருத்திலை பட வேணும். இந்தக் கொப்பு அப்ப சின்னக் குருத்தாய் இருந்திருக்கும். இதிலை பட்டதோ?"

அந்த இடத்தில் 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்பது எனக்குத் தெரிந்தது. மச்சாளுக்கும் அப்போது தெரிந்திருந்தது. நான் அவரைப் பார்த்துக் கண்ணைக்கூடக் காட்டினேன்.

"காத்தடிச்சது பிள்ளை" என்றார் மச்சாள். "சிந்தினதோ தெரியாது. நான் பாக்கேல்லை."

மிஸ் அவருடைய கையிலிருந்த பேணியை வாங்கிக் கீழே வைத்தார். "பாக்கேல்லை எண்டு சொன்னீங்களே, அது போதும்" என்றார். இரண்டு பேரும் அந்தச் செடிக்குப் பக்கத்தில் வெறும் மண்ணிலே இருந்துவிட்டார்கள். நான்தான் பஸ் வருகிறதென்று எழுப்பிக் கூட்டிவந்தேன்.

அன்று மத்தியானம் அவர் முற்றத்தில் நின்று கம்பஸ் பெரியவரோடு கதைத்தது யன்னலால் கேட்டது. "இல்லை சேர், நான் ஊத்தேல்லை. வீட்டுக்கார அன்ரி... ஓம், வேரிலைதான். ஓம் சேர், தானாய் வந்ததெண்டுதான் நானும் நம்புறன்... இல்லை சேர். நம்புறன் எண்டுதான் சொன்னனான்." பிறகு நெடுநேரம் அந்தப் பக்கம் கதைத்தது. கடைசியில், "அப்பிடி நான் எழுதமாட்டன் சேர்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "நீர் விசரே?" என்று கேட்டேன். "மச்சாளும் நானும் வாயைத் திறக்கமாட்டம். உம்மடை சேரும் அதை எழுதாமல் விடச் சொல்லுறார். ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உமக்குத் தெரிஞ்சால் என்ன? நீரும் தானாய் வந்ததெண்டுதானே நம்புறீர்?"

"நம்புறன் அக்கா. அதாலைதான் கூடப் பயம்" என்றார். "நாளைக்கு எங்கையோ ஒராள் 'தீவிலை தானாய் வந்தது' எண்டதை வாசிச்சிட்டு அதுக்கு மேலை தன்ரை வேலையைக் கட்டும். அடியிலை இருக்கிறது நான் ஆசைப்பட்டதெண்டு அந்த ஆளுக்குத் தெரியாது."

அந்த நிரந்தரப் பதவி வேறொருவருக்குப் போனது. அடுத்த வருடம் அவருடைய தற்காலிக வேலையையும் புதுப்பிக்கவில்லை. இப்போது வவுனியாவில் ஒரு ரியூசன் நிலையத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறார். போகும்போது அந்தக் கொப்பின் விதையில் கொஞ்சம் எங்களுக்குத் தந்தார். அது எங்கள் கிணற்றடியில் வருடா வருடம் பூத்துக் காய்க்கிறது. மச்சாள் அதில் ஒரு விதையைக்கூடச் சமையலுக்கு எடுப்பதில்லை. பஸ் ஏறுவதற்கு முன் மிஸ் மச்சாளைக் கட்டிப் பிடித்துச் சொன்னது இதுதான்.

"எள்ளும் பேயெள்ளும் உங்கடை வயற்கரையிலை எப்பவும் நிக்கும் அன்ரி. வெறுங்காய்ச் செடி திரும்பவும் வரும். அதிலை ஒரு கொப்புக் காய்க்கலாம், காய்க்காமலும் விடலாம். பாத்துக்கொள்ளுங்கோ. ஊத்தாதேங்கோ."

மச்சாள் அதை நேர்த்திக்கடனாகவே எடுத்துக்கொண்டார். எள்ளுக் காலம் வந்தால் காலைப் பஸ்ஸில் இறுப்பிட்டிக்குப் போவார். முழங்கால் நோ வந்த பிறகும் போனார். வயற்கரையில் அவர் நிற்கிற விதத்தைப் பார்த்து ஊரில் சிரிப்பார்கள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, செடிகளுக்கு மேலே குனிந்து நிற்பார். தண்ணிப் போத்தல்கூடக் கொண்டு போகமாட்டார். தாகமெடுத்தால் வீட்டுக்கு வந்துதான் குடிப்பார்.

சில வருடம் வெறுங்காய்ச் செடியே வரவில்லை. சில வருடம் வந்து, பூத்து, முழுவதும் வெறுங்காயாகவே காய்ந்தது. நானும் கெட்டுப்போனேன். கடையில் யாராவது படகு ஓடுமா என்று கேட்டால், "ஓடும் எண்டு நினைக்கிறன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். மனேச்சருக்கு இப்போது ஒன்றும் தெரியாது என்று சனம் குறைப்படுகிறது.

இந்த வைகாசியில் ஒரு நாள் மச்சாள் நேரே கடைக்கு வந்தார். கடையில் ஆட்கள் நின்றார்கள். மச்சாள் சீனி மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றார். எல்லோரும் போன பிறகு, "கடையைப் பூட்டு" என்றார்.

"என்ன மச்சாள்? சொல்லுங்கோவன்."

"வந்து பார். நான் சொன்னால் நீ நினைப்பாய்."

ஓட்டோ பிடித்துப் போனோம். வயற்கரையில், மணல் தொடங்குகிற இடத்தில் ஒரு கலப்புச் செடி. ஒவ்வொரு கொப்பாகப் பார்த்தேன். வெடித்த காய்களுக்குள் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. மணற்பக்கம் சாய்ந்திருந்த ஒரு கொப்பில் இலை தடித்திருந்தது. அதில் ஒரு காய் வாய் திறந்திருந்தது. நான் முழந்தாளிட்டு எட்டிப் பார்த்தேன். உள்ளே எள்ளு கறுப்பாக நெருங்கிக் கிடந்தது.

திரும்பினேன். மச்சாள் கையைப் பின்னால் கோத்தபடி நாலு முழம் தள்ளி நின்றார். அதற்கு மேல் கிட்ட வரவில்லை.

வவுனியாவுக்கு அந்த இடத்திலேயே தொலைபேசி எடுத்தேன். வகுப்பில் இருந்தார் போல, பிள்ளைகளின் சத்தம் கேட்டது. நான் சொன்னதும் அந்தச் சத்தம் தூரப் போனது. வெளியில் வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். பிறகு, மெதுவாக, அதே கேள்வி.

"பாத்தனீங்களோ அக்கா..."

மிச்சத்தை நான் கேட்கவில்லை. தொலைபேசியை மச்சாளின் காதில் வைத்தேன். அவர் கையால் வாங்கவில்லை. கை இன்னும் பின்னால்தான் இருந்தது.

"முதல் குருத்திலையிருந்து பாத்தனான் பிள்ளை" என்றார் மச்சாள். "ஒண்டும் ஊத்தேல்லை."